இரைச்சலுக்குள் இருந்தவள்

போன வாரம் வாசல் மணி அடித்ததோடு கதையை அப்படியே விட்டுவிட்டோம். யார் வந்திருப்பார்கள் என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவர்களுக்கு முதலில் ஒரு சமாதானம்: வந்தது வில்லன் இல்லை. வீடு வீடாகப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு வரும் நர்ஸ். தோளில் ஒரு பை, கையில் குழந்தையைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு, முகத்தில் மாடிப்படி ஏறி வந்த களைப்பு. லிஃப்ட் வழக்கம்போல மக்கர் பண்ணியிருந்தது.

கதவைத் திறந்தது அத்தை. நம் பிரேக் மேடத்தின் மாமியார்.

புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்காக நாலு வரி. பிரேக் மேடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்து வியர்த்துக்கொண்டிருக்க, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின்மேல் பாதத்தை வைத்தபடியே ஊரைச் சுற்றுகிறவள். மாணவர்கள் வைத்த பெயர்தான் இது. அவளுக்குத் தெரியாது என்று அவர்கள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஓடும் வண்டியில் ஒரு நாளும் கண்ணயர்ந்ததில்லை என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை. பஸ்ஸில் பயணியாகப் போனாலும் தூங்கமாட்டாள். டிரைவர் திருப்பத்தில் வேகம் எடுத்தால் இவள் கால் தானாகத் தரையை அழுத்தும்.

அப்படிப்பட்டவள், பிள்ளை பெறும் நேரத்தில் தூங்கிப்போனாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் வகுப்புக்குப் போய் மூச்சு விடப் பழகியிருந்தாள். வலி வரும்போது எண்ணி எண்ணி மூச்சு விட்டாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கொடுத்திருந்தான். கடைசி நேரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிவிட்டது. அறை முழுக்க ஆட்கள். எல்லோரும் அவள் தலைக்கு மேலே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள். அவளோடு பேசியவர் யாரும் இல்லை. கட்டில் ஓடியது. கூரை விளக்குகள் ஓடின. முகத்தின்மேல் ஒரு மூடி வந்தது. அடுத்து கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் துணி சுற்றிய ஒரு பொட்டலம்.

"உங்க பொண்ணு" என்றார்கள். கூரியர்க்காரர் கொடுப்பதை வாங்கிக்கொள்வதுபோலச் சரி என்று வாங்கிக்கொண்டாள்.

ஆயிற்று, மூன்று வாரம். வயிற்றில் இருந்தபோது வைத்த பட்டாணி என்ற பெயரே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டாணியை அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. பால் கொடுக்கிறாள், கொஞ்சுகிறாள், அந்தக் குட்டி விரல்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் குழந்தை தூங்கியதும் ஒரே கேள்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இவளை நான்தான் பெற்றேனா? இவள் வந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்?

வீடே சந்தோஷத்தில் மிதக்கும்போது இதைப் போய் யாரிடம் சொல்வது?

நர்ஸ் பட்டாணியைத் தராசில் தொங்கவிட்டாள். பட்டாணி காலை உதறி ஆட்சேபம் தெரிவித்தாள்.

"நல்லா ஏறியிருக்கா. சாப்பாட்டுல குறை வெக்கலைன்னு தெரியுது" என்றாள் நர்ஸ். பிறகு மேடத்தின் தையலைப் பார்த்தாள். "இதுவும் அழகா ஆறியிருக்கு. சரி, சொல்லுங்க. பிரசவம் எப்படி இருந்துச்சு உங்களுக்கு?"

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்றாள் அத்தை, சமையலறை வாசலில் இருந்து. "குழந்தை நல்லா இருக்கு, அது போதும்."

"எங்களுக்குத்தான் வெளிய நின்னு உயிரே போயிடுச்சு" என்றான் புருஷன்காரன்.

நர்ஸ் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். "உங்க ரெண்டு பேர் கதையையும் ஒரு நாள் உக்காந்து கேக்குறேன். இப்ப இவங்களைத்தான் கேட்டேன்."

எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் மேடம்.

சொன்னதும் அவளுக்கே தன் குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. கிளட்ச் என்றால் என்னவென்று தலையும் புரியாமல் வாலும் புரியாமல் "புரிஞ்சுது மேடம்" என்று தலையாட்டுவார்களே மாணவர்கள், அதே குரல். அந்தக் குரலை நம்பி அவள் ஒரு நாளும் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததில்லை.

நர்ஸும் நம்பவில்லை போலிருக்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "மொதப் பிரசவம் நாம நினைச்ச மாதிரி நடக்கலைன்னா மனசு கனத்துப்போயிடும். குழந்தை மேல ஆசையும் இருக்கும், இதுவும் இருக்கும். ரெண்டும் ஒண்ணாவே இருக்கலாம், தப்பே இல்ல. அடுத்த தடவை வர்றப்போ மறுபடியும் கேப்பேன். அதுக்குள்ள பேசணும்னு தோணுச்சுன்னா ஒரு போன் போடுங்க."

அவள் போய்க் கதவு சாத்தியதும், புருஷன்காரன் அவசரமாக மேடத்தின் கையைப் பிடித்து படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டு போனான். முகத்தில் பரிசு வாங்கப்போகும் பிள்ளையின் பூரிப்பு.

இவனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இவன் ஒலிக்காரன். வானொலி நாடகங்களும் பேசும் புத்தகங்களும் இவன் கைக்கு வந்து குளித்து முழுகித்தான் வெளியே போகும். படிப்பவரின் எச்சில் விழுங்கும் சத்தம், நாற்காலி முனகுவது, தூரத்து ஹார்ன், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிவதுதான் இவன் தொழில். ஸ்டூடியோ எது என்கிறீர்களா? படுக்கையறைத் துணி அலமாரி. தொங்கும் சட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடுமாம். உள்ளே ஒரு முக்காலி, ஒரு கம்ப்யூட்டர். "அவர் இருக்காரா?" என்று யாராவது போனில் கேட்டால், "அலமாரில இருக்கார்" என்று அத்தை வெகு இயல்பாகப் பதில் சொல்வாள்.

ஒரு வாரமாக அவன் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறான் என்று நீங்கள் கன்னாபின்னாவென்று சந்தேகப்பட்டீர்கள். இதுதான் சங்கதி.

"உன்னைத் தள்ளிக்கிட்டு ஓடினாங்கல்ல, என்னை உள்ள விடமாட்டேன்னுட்டாங்க" என்றான். "என் பையில குட்டி ரெக்கார்டர் இருந்துச்சு. ஓடுற நர்ஸ் ஒருத்தங்க கையில அதைத் திணிச்சு, 'நான்தான் வர முடியல, இதையாவது கூட்டிட்டுப் போங்க'ன்னு கெஞ்சினேன். பாவம், பாக்கெட்ல போட்டுக்கிட்டாங்க. பட்டாணியோட மொதல் அழுகை அதுல இருக்கு மேடம்! ஒரு வாரமா உக்காந்து துடைச்சிருக்கேன். கேளு."

மேடம் முக்காலியில் உட்கார்ந்தாள். அவன் ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டினான்.

ஒரு நிசப்தம். அதன் நடுவில், பளிச்சென்று, ஒரு குழந்தை அழுதது. துடைத்துவைத்த கண்ணாடி டம்ளர் போலச் சுத்தமான அழுகை. சுற்றிலும் ஒரு தூசி இல்லை. அழுது, நின்றது. அவ்வளவுதான்.

மேடம் காத்திருந்தாள். கண்ணீர் வரும், மார்பு பொங்கும், 'என் பொண்ணு' என்று உள்ளே ஏதாவது எழுந்து நிற்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பயம்தான் வந்தது.

"எப்படி இருக்கு?" என்றான் ஒலிக்காரன்.

"யாரோட குழந்தை இது?"

அவன் முகம் விழுந்துவிட்டது. "என்ன கேள்வி இது? நம்ம பட்டாணி."

"நாடகத்துல போடுவீங்களே, ஒரு குழந்தை அழுகை. அது மாதிரி இருக்கு. எங்கேயோ, யாருக்கோ பொறந்த மாதிரி. இதுல நான் எங்க இருக்கேன்?"

"நீ மயக்கத்துல இருந்த..."

"அதான்! அதைத்தான் சொல்றேன்!" ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். "என் வாழ்க்கையிலயே பெரிய பயணம் அது. பக்கத்து சீட்டுல கூட இல்ல நான். பொட்டலமா தூக்கிக் கையில குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். 'இப்ப இப்படிப் பண்ணப்போறோம்மா'ன்னு ஒருத்தராவது என் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருந்தா... மூணு வாரமா இதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். உனக்குத் தெரியுமா?"

மாமியார் காதில் விழும் தூரத்தில் புருஷனை அவள் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. சத்தம் கேட்டு அத்தை வந்து நின்றுவிட்டாள். தோளில் பட்டாணி, கையில் கரண்டி.

"என்னம்மா? எதுக்கு அழற? குழந்தை நல்லா இருக்கே. அது போதாதா?"

"அந்த வார்த்தையை இனிமே சொல்லாதீங்க அத்தை!"

வீடு கப்சிப் ஆனது. பட்டாணிகூட விக்கலை நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த நிமிடத்திலிருந்து அத்தை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பார்க்க வந்தவர்களிடம், போனில் விசாரித்தவர்களிடம், மேடத்திடம். ஒவ்வொரு முறையும் மேடத்தின் வாயில் யாரோ பஞ்சை வைத்து அடைத்ததுபோலிருக்கும். இன்று பஞ்சு தெறித்துவிட்டது.

அத்தை குழந்தையை மகன் கையில் கொடுத்தாள். அடுப்பைச் சிறிதாக்கினாள். காயப்போட்ட துணியை எடுக்க பால்கனிக்குப் போய்விட்டாள்.

மேடத்துக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. மூன்று வாரமாகத் தன்னை ஒரு வேலை தொடவிடாமல் தாங்குகிற மனுஷி. ஆனாலும் சொன்னதில் பாதி உண்மைதானே? கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அதுல இருந்து என்னத்தையெல்லாம் எடுத்த?"

"வழக்கமா எடுக்கிறதுதான். இரைச்சல்."

"என்ன இரைச்சல்?"

"பாக்கெட் துணி உரசுறது. தட்டு சத்தம். ஒரு சக்கரம் கீச்கீச்னு... அப்புறம் அந்த நர்ஸ், அழுகை மேலேயே விடாம ஏதோ பேசிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஒரு டிங் டிங். அதுதான் உயிரை எடுத்துடுச்சு. அழுகையோட ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுச்சு. வாரம் பூரா அதுக்கே போச்சு."

"வெட்டாதது இருக்கா?"

"அதை எவனாவது அழிப்பானா?" தொழில் ரோஷம் அவனுக்கு.

"போடு. முழுசா போடு. ஹெட்ஃபோன் வேண்டாம், சத்தமா வை."

குழந்தையை அவள் மடியில் கொடுத்துவிட்டு, அவன் அலமாரிக்குள் கையை நீட்டி எதையோ தட்டினான்.

முதலில் கரகரவென்று துணி உரசியது. இரும்புத் தட்டில் ஏதோ விழுந்தது. ஆண் குரல் ஒன்று அமைதியாக எதையோ கேட்டது, யாரோ கொடுத்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில், அலட்டிக்கொள்ளாமல், ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது அந்த டிங், டிங், டிங்.

பிறகு அழுகை. பளிச்சென்று இல்லை, சத்தங்களுக்கு நடுவே முட்டி மோதிக்கொண்டு வந்த அழுகை. அதன்மேல் ஒரு பெண் குரல்.

"பொண்ணு... பொண்ணும்மா. வந்துட்டா உங்க பொண்ணு. நீங்க தூங்குங்க, உங்களுக்குப் பதிலா நான் பாத்துச் சொல்றேன். நெறைய முடி. மூக்கு யாரோடதுன்னு நீங்களே பாத்துக்கங்க. இருங்க, துடைச்சுட்டு வர்றேன்... டாக்டர், ஒரு நிமிஷம், அம்மாகிட்ட காட்டிடுறேன்... இதோ வந்துட்டோம். இதோ உங்க கன்னம். இங்க பாரு பாப்பா, இதான் உங்கம்மா."

அழுகை விக்கியது. இன்னொரு விக்கல். நின்றது.

"பாத்தீங்களா, நிறுத்திட்டா!" என்றது அந்தக் குரல். "யாருகிட்ட வந்திருக்கோம்னு தெரிஞ்சுபோச்சு இவளுக்கு."

அழுகை இல்லாத அந்த இடத்தில் டிங், டிங், டிங் மட்டும் கேட்டது.

மேடம் மெல்லக் கேட்டாள். "அந்த டிங் டிங் என்னது?"

"மெஷின் ஏதோ..."

"என்ன மெஷின்?"

"உன் விரல்ல மாட்டியிருந்தாங்கல்ல, கிளிப்பு மாதிரி. அது வந்து..." ஒலிக்காரன் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஐயோ. அது உன் இதயம்."

ஒரு வாரம் முழுக்கச் சட்டைகளுக்கு நடுவில் கூனிக் குறுகி உட்கார்ந்து, பெண்டாட்டியின் இதயத்தைப் பிள்ளையின் அழுகையிலிருந்து பிரித்து எடுத்திருக்கிறான் மனுஷன். அதுவும் பரிசாகக் கொடுக்க! இந்தக் காரியத்தை இவனைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

"நான் ஒரு முட்டாள்" என்றான்.

"ஆமா" என்றாள் மேடம். அழுதுகொண்டே சிரித்தாள். "மறுபடி போடு."

மறுபடி போட்டான். இந்த முறை அவள் பட்டாணியைத் தூக்கித் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். இதே கன்னம். இங்கேதான் வந்து அழுகையை நிறுத்தியிருக்கிறாள். தனக்குத் தெரியாமல் போனால் என்ன, இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தூங்கினாலும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வண்டியை விட்டு இறங்கி எங்கேயும் போய்விடவில்லை. மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டோம். நர்ஸிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, சொல்லத்தான் போகிறாள். ஆனால் மூச்சு விட இடம் கிடைத்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்லலாம், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

"அத்தையைப் பாத்துட்டு வர்றேன்" என்று பட்டாணியோடு எழுந்தாள்.

பால்கனியில் பாய் விரித்து உட்கார்ந்து அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்தவள். பட்டாணியின் இடுப்புத் துணிகள்கூட ஓரத்தோடு ஓரம் பொருந்தி, கடையில் அடுக்கியதுபோல நிற்கும்.

"அத்தை, கோவத்துல கத்திட்டேன்."

"கத்துற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சேன்னு நெனச்சேன்" என்றாள் அத்தை. நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு இருந்தது, கண் மட்டும் சிவந்திருந்தது. "உக்காரு. தையல் இழுக்கும், சுவத்துல சாஞ்சு உக்காரு. ரெக்கார்டர்ல அந்த நர்ஸம்மா பேசினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. மகராசி."

மேடம் சாய்ந்து உட்கார்ந்தாள். நர்ஸ் கேட்டபோது சொல்லாததையெல்லாம் சொன்னாள். கூரை விளக்குகள் ஓடியதை, பொட்டலத்தை, குழந்தை தூங்கியதும் வருகிற கேள்வியை. அத்தை ஒரு இடத்தில் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். மடித்த துணிகள் ஏறிக்கொண்டே போயின. பட்டாணி தூங்கிப்போனாள்.

"உங்களுக்கு எப்படி அத்தை இருந்துச்சு?" என்று கேட்டாள் மேடம். "மொதப் பிரசவம். நீங்க சொல்லவே இல்லையே."

"யாரும் கேட்டதில்லையே."

"இவர் அப்பவே ஊரைக் கூட்டியிருப்பாரே!"

"அவனா?" அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். "வர்றப்பவே கத்திக்கிட்டே வந்தான். பக்கத்து வார்டுல இருந்து எழுந்து வந்து பாத்தாங்க." சிரிப்பு மெல்லக் கரைந்தது. கையில் இருந்த துணியின் ஓரத்தை நீவினாள். நீவின இடத்தையே திரும்பவும் நீவினாள். "ஆனா நீ மொதப் பிரசவத்தைத்தானே கேட்ட?"

அத்தைக்கு ஒரே பிள்ளை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"அவன் எனக்கு ரெண்டாவது" என்றாள் அத்தை. குரல் உடையவில்லை, ரொம்ப நாளாகப் பழகிய எதையோ எடுத்துக் காட்டுவதுபோலச் சொன்னாள். "மொதப் பிரசவம் ஆன அன்னிக்குக் காலையில ஒரு நர்ஸ் கட்டில் கட்டிலா வந்தாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு, 'குழந்தை நல்லா இருக்கு, குழந்தை நல்லா இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. என் கட்டிலை மட்டும் தாண்டிப் போயிட்டாங்க."

மேடத்தின் கை தானாகப் போய் அத்தையின் கைமேல் உட்கார்ந்தது. மூன்று வாரமாகத் தன் வாயை அடைத்த அந்த வார்த்தை, இந்த மனுஷி ஒரு காலத்தில் ஏங்கி ஏங்கிக் கிடைக்காமல் போன வார்த்தை. கிடைத்த இடத்தில் வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"எதுக்கும்மா? பொறந்ததுல இருந்து அவனுக்கு எல்லாச் சத்தமும் கேக்கும். இது ஒண்ணாவது கேக்காம இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பால்கனிக் கதவு லேசாக முனகியது. ஒலிக்காரன் நின்றிருந்தான். கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கியது, காது இரண்டும் திறந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று யாரும் கேட்கவில்லை, முகமே சொன்னது.

"அம்மா" என்றான். "எனக்கு அண்ணனா, அக்காவா?"

அத்தை மடித்து அடுக்கிய துணிகளை ஒரு ஓரமாக நகர்த்தி, பாயில் அவன் உட்கார இடம் செய்தாள்.